பிளாஸ்டிக்கில் மின்சுற்றை அச்சடிக்க முடியுமா? மேடைச் செய்முறைக்குப் பின்னால் இருக்கும் அறிவியல்

மேடையில் பேசுபவர் ஒரு பிளாஸ்டிக் படலத்தை எடுக்கிறார். சுருட்டுகிறார், விரிக்கிறார், ஓரத்தில் ஒரு கம்பியை மாட்டுகிறார். படலம் பச்சையாக ஒளிர்கிறது. “இது அச்சடித்தது” என்கிறார். அரங்கில் கைதட்டல்.

அச்சிடக்கூடிய பிளாஸ்டிக் மின்னணுவியல் பற்றிய பொது அறிவியல் உரைகள் பல இப்படித்தான் ஆரம்பிக்கும். கேள்வி நேரத்தில் எழும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். வீட்டு பிரிண்டரிலேயே போனை அச்சடித்துக்கொள்ளலாமா? சிலிக்கான் சிப்புக்கு வேலை போய்விடுமா? மடக்கும் போன் இப்படித்தான் செய்யப்படுகிறதா? மூன்றுக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான். ஆனால் அப்படிச் சொல்லி நிறுத்திவிட்டால், உண்மையாகவே நடந்திருக்கும் வேலையும் பொய்யோ என்று தோன்றிவிடும். எனவே அடிப்படையிலிருந்து வருவோம்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

குழப்பத்தில் பாதி, மூன்று சொற்களை ஒன்றாகப் போட்டுக் குழைப்பதால் வருவது.

1. பிளாஸ்டிக் மின்னணுவியல். இது பொருளைப் பற்றிய சொல். மின்சாரத்தைக் கடத்துவது, தடுப்பது, ஒளிர்வது போன்ற வேலைகளைக் கார்பன் சேர்மங்களே செய்கின்றன. பெரும்பாலும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், அதாவது பாலிமர்கள். இவற்றில் கடத்தலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறவற்றைக் கரிமக் குறைக்கடத்தி என்பார்கள்.

2. அச்சு மின்னணுவியல். இது செய்யும் முறையைப் பற்றியது. மை போன்ற ஒரு திரவத்தைத் தேவையான இடத்தில் மட்டும் படியவைத்து உலர்த்துகிறார்கள். அந்த மையில் பாலிமர் இருக்கலாம், வெள்ளித்துகள் இருக்கலாம், வெறும் கரித்தூளும் இருக்கலாம்.

3. நெகிழ் மின்னணுவியல். இது வளையுமா என்பதைப் பற்றியது. அடித்தளமாக இருப்பது கண்ணாடியா, பிளாஸ்டிக் படலமா என்பதே இங்கே கேள்வி.

மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மடக்கும் போனின் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகிறது, சரி. அதில் ஒளிரும் அடுக்கு கார்பன் சேர்மம்தான், அதுவும் சரி. ஆனால் அந்த அடுக்கை அச்சடிப்பதில்லை. வெற்றிட அறைக்குள் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியையும் இயக்கும் டிரான்சிஸ்டர்களில், அதாவது நுண் மின்சுவிட்சுகளில், சிலிக்கான் இருக்கிறது. ஆக, மூன்றில் ஒன்று முழுதாக உண்டு, ஒன்று பாதி, ஒன்று இல்லவே இல்லை.

2021-இல் ஆர்ம் நிறுவனமும் பிராக்மாடிக் நிறுவனமும் சேர்ந்து ‘பிளாஸ்டிக்ஆர்ம்’ என்ற 32 பிட் செயலியை, அதாவது கணக்குப் போடும் சிப்பை, வெளியிட்டபோதும் இதே குழப்பம் வந்தது. பிளாஸ்டிக் சிப் என்றுதான் பலரும் எழுதினார்கள். அதில் பிளாஸ்டிக்காக இருந்தது அடியில் இருந்த பாலிஇமைடு படலம். மேலே வேலை செய்த குறைக்கடத்தி ஓர் உலோக ஆக்சைடு. வளைவதற்குத்தான் பிளாஸ்டிக், யோசிப்பதற்கு அல்ல.

மின்சாரத்தை மறிக்கும் பொருள் எப்படிக் கடத்தியது?

மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போடுவதே அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தான். அந்தப் பொருளைக் கடத்த வைத்த கதை ஒரு தவறில் தொடங்குகிறது.

1967-இல் டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிடேகி ஷிராகாவா, அசிட்டிலீன் வாயுவிலிருந்து பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரைத் தயாரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கிடைப்பது கருப்புத் தூள். ஒருமுறை அங்கே வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் வினையூக்கியைத் தேவையைப்போல் ஆயிரம் மடங்கு சேர்த்துவிட்டார். தூளுக்குப் பதிலாக, பளபளக்கும் மெல்லிய படலம் உருவாகியிருந்தது. குப்பையில் போட்டிருக்கலாம். ஷிராகாவா அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்.

சில ஆண்டுகள் கழித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆலன் மெக்டயார்மிட் உரையாற்ற டோக்கியோ வந்தார். அவர் கையில் பொன்னிறத்தில் மின்னும் வேறொரு பாலிமர் இருந்தது. தேநீர் இடைவேளையில் இருவரும் பேசிக்கொண்டபோது, தன்னிடம் வெள்ளிபோல மின்னும் படலம் இருப்பதாக ஷிராகாவா சொன்னார். அடுத்து ஷிராகாவா பென்சில்வேனியா சென்றார். இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். படலத்தின்மேல் அயோடின் ஆவியைப் படவிட்டு அளந்து பார்த்தார்கள். கடத்துதிறன் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு கூடியிருந்தது. 1977-இல் கட்டுரை வெளியானது. 2000-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

(கடத்தும் பாலிமரை முதலில் கண்டவர்கள் இவர்கள்தான் என்று உரைகளில் சொல்வது முழு உண்மை அல்ல. பாலிபைரோல் மின்சாரம் கடத்துவதை 1963-லேயே ஆஸ்திரேலியாவில் டொனால்ட் வைஸ் குழுவினர் வெளியிட்டிருந்தார்கள். கவனிக்கத்தான் ஆள் இல்லை.)

அயோடின் அப்படி என்ன செய்தது? இதைப் புரிந்துகொள்ளக் கார்பன் அணுவின் கணக்கு வழக்கைப் பார்க்க வேண்டும்.

கார்பனின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். பாலித்தீன் பையில் உள்ள கார்பன் அணு இந்த நான்கையும் பக்கத்து அணுக்களோடு ஒற்றைப் பிணைப்புகளில் இறுகக் கட்டிவிடுகிறது. அசைய ஒரு எலக்ட்ரானும் மிச்சமில்லை. பாலிஅசிட்டிலீனில் நிலைமை வேறு. ஒவ்வொரு கார்பனும் மூன்று எலக்ட்ரான்களைத்தான் அப்படிக் கட்டுகிறது. நான்காவது, சங்கிலியின் தளத்துக்கு மேலும் கீழுமாகப் பரவி நிற்கிறது. பக்கத்து அணுவின் நான்காவது எலக்ட்ரானோடு இது சேர்வதால் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று பிணைப்புகள் மாறி மாறி வருகின்றன.

இத்தனை எலக்ட்ரான்கள் பரவி நின்றால் மின்சாரம் தானாகவே ஓட வேண்டியதுதானே? ஓடாது. வரிசையில் எல்லா இருக்கையும் நிரம்பிய அரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் நகர முடியாது. ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டால்? பக்கத்தில் இருப்பவர் அந்தக் காலி இடத்துக்கு நகர்வார், அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர்வார். காலி இருக்கை வரிசை முழுதும் பயணம் செய்யும். அயோடின் செய்தது இதைத்தான். சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக் காலி இடங்களை உண்டாக்கியது. இந்த வேலைக்கு மாசூட்டல் என்று பெயர். ‘மாசு’ என்ற சொல்லைக் கேட்டு அழுக்கு என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே சேர்ப்பது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் வேகத்தைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும். சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் எல்லாத் திசையிலும் ஒரே ஒழுங்கில் கட்டப்பட்டிருக்கும். பாலிமர் அப்படி இல்லை. ஒரு சங்கிலிக்குள் மின்னூட்டம் எளிதாக ஓடும். ஆனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சங்கிலி முடிந்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஓட்டத்தைவிடத் தாவலில்தான் நேரம் போகிறது.

கரையாத பொருள் மை ஆகாது

பாலிஅசிட்டிலீனை இன்று யாரும் கருவிகளில் பயன்படுத்துவதில்லை. காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதைவிடப் பெரிய குறை, அது எந்தக் கரைப்பானிலும் கரையாது. கரையாததை எப்படி மையாக்குவது?

இங்கேதான் வேதியியலாளர்களின் கைவண்ணம் வருகிறது. கடத்தும் முதுகெலும்புச் சங்கிலியின் பக்கவாட்டில் சின்னச் சின்ன எண்ணெய்த்தன்மையுள்ள வால்களைத் தைத்தார்கள். வால்கள் மின்சாரத்துக்கு உதவாது, கொஞ்சம் இடைஞ்சல்கூட. ஆனால் கரைப்பானோடு அவை ஒட்டிக்கொள்வதால் மொத்தச் சங்கிலியும் கரைந்துவிடும். இந்த வகையில் புகழ்பெற்றது பி3எச்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிதயோபீன். வால்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் அமைந்தால் சங்கிலிகள் அடுக்கிவைத்த தட்டுகளைப்போல நெருங்கிப் படியும், தாவல் எளிதாகும். வால் தாறுமாறாக இருந்தால் அதே பொருள் பல மடங்கு மோசமாகக் கடத்தும்.

இன்னொரு வழி பெடாட்-பிஎஸ்எஸ். இரண்டு பாலிமர்களின் கலவை, நீரில் கலந்து கருநீல மையாக வரும். பேயர் நிறுவனம் 1980களின் கடைசியில் உருவாக்கிய பொருள். அதன் முதல் பெரிய வேலை திரையிலோ சிப்பிலோ அல்ல. புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் பொறி தட்டிப் படத்தைக் கெடுக்காமல் இருக்க, பின்பக்கம் பூசப்பட்டது. அச்சு மின்னணுவியலின் வெற்றிகளில் பாதி இப்படித்தான், யார் கண்ணிலும் படாத இடத்தில்.

ஒளிரும் பாலிமரின் கதையும் எதிர்பாராததுதான். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜெரமி பரோஸ் ஒரு பாலிமரின் மின்காப்புத் திறனைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது மங்கலாக ஒளிர்வதைக் கவனித்தார். 1990-இல் அவரும் ரிச்சர்ட் ஃபிரெண்ட், டோனல் பிராட்லி உள்ளிட்ட குழுவினரும் பாலிமர் எல்இடியை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் சிறு மூலக்கூறுகளை வைத்து ஓஎல்இடி (கரிமப் பொருளால் ஒளிரும் எல்இடி) செய்திருந்தார்கள். இன்றைய போன் திரைகளில் இருப்பது கோடாக் வழி வந்தது, வெற்றிடத்தில் ஆவியாக்குவது. கேம்பிரிட்ஜ் வழி கரைசலில் இருந்து பூசுவது. ‘அச்சடிக்கலாம்’ என்ற கனவு முக்கியமாக இந்த இரண்டாவது வழியிலிருந்து வந்தது.

அச்சகத்துக்குள் என்ன நடக்கிறது?

ஒரே ஒரு டிரான்சிஸ்டரை அச்சடிப்பதாக வைத்துக்கொள்வோம். டிரான்சிஸ்டர் என்பது ஒரு மின் வாய்க்கால். இரு கரையிலும் ஒவ்வொரு மின்முனை, நடுவே குறைக்கடத்தி, மேலே ஒரு வாயில். வாயிலில் மின்னழுத்தம் கொடுத்தால் வாய்க்கால் திறக்கும், எடுத்தால் அடைபடும். அச்சடிக்கும் வரிசை பொதுவாக இப்படிப் போகும்:

1. பிளாஸ்டிக் படலத்தின் மேல் இரண்டு மின்முனைகள். வெள்ளி மை அல்லது பெடாட். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வாய்க்காலின் நீளம்.
2. அதன் மேல் குறைக்கடத்திப் பாலிமர், சில பத்து நானோமீட்டர் தடிமனில் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்).
3. அதன் மேல் மின்காப்புப் பாலிமர்.
4. கடைசியாக வாயில்.

நான்கு வரியில் எழுதியாகிவிட்டது. செய்யும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

முதலில், கரைப்பான் பகை. மூன்றாவது அடுக்கின் மை ஈரமாக விழும்போது, உலர்ந்து கிடக்கும் இரண்டாவது அடுக்கைக் கரைத்துவிட்டால் எல்லாம் போச்சு. எனவே ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே உள்ளதைத் தொடாத கரைப்பானைத் தேட வேண்டும். எண்ணெய் வகையில் ஒன்று, நீர் வகையில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அடுக்குகள் கூடக்கூட இந்தத் தேடல் பெரும்பாடு.

இரண்டாவது, துளியின் அளவு. இன்க்ஜெட் தலையிலிருந்து விழும் ஒரு துளி 10 பிக்கோலிட்டர் என்றால் அதன் விட்டம் சுமார் 27 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்). தரையில் விழுந்ததும் இன்னும் பரவும். அதாவது மனிதத் தலைமுடியின் தடிமனை ஒட்டிய கோடு. வாய்க்காலோ சில மைக்ரோமீட்டரில் இருந்தால்தான் பயன். தடித்த தூரிகையால் மெல்லிய கோடு போடச் சொல்வதுபோல.

இதற்குக் கேம்பிரிட்ஜில் ஹென்னிங் சிரிங்ஹவுஸ் குழு 2000-இல் காட்டிய தந்திரம் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது. துளியை நுணுக்கமாக விடுவதற்கு அவர்கள் மெனக்கெடவில்லை. நீரை வெறுக்கும் ஒரு மெல்லிய வரப்பை, 5 மைக்ரோமீட்டர் அகலத்தில், முதலிலேயே தளத்தில் போட்டுவைத்தார்கள். நீரில் கலந்த பெடாட் துளி அதன் அருகே விழுந்து பரவி, வரப்பின் விளிம்பைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. மறுபக்கத் துளியும் அப்படியே. இரண்டு மின்முனைகள், நடுவே துல்லியமாக 5 மைக்ரோமீட்டர். பிரிண்டர் கொஞ்சம் பிசகினாலும் மழைநீரைப் போலத் துளி தன் எல்லையைத் தானே கண்டுகொள்ளும். ஆனால் அந்த வரப்பை அவர்கள் ஒளி அச்சு முறையில், அதாவது ஒளியால் வடிவம் பதிக்கும் சிப் ஆலைகளின் பாணியில்தான் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முழுக்க அச்சு என்று சொல்லிக்கொள்ளும் பல செய்முறைகளில் இப்படி ஒரு கடன் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, காபிக் கறை. மேசையில் சிந்திய காபி உலர்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் கரும் வளையம் தெரியும். துளியின் ஓரம் தரையில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது துகள்களையும் அடித்துக்கொண்டு போகிறது. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன் குழுவினர் இதை விளக்கினார்கள். மின்சுற்றில் இப்படி ஒரு வளையம் விழுந்தால் ஓரம் தடிப்பு, நடு ஓட்டை. மருந்து, சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானோடு மெதுவாக ஆவியாகும் இன்னொன்றைக் கலப்பது. பரப்பு இழுவிசையின் வேறுபாட்டால் உள்நோக்கிய எதிரோட்டம் பிறந்து துகள்களை நடுவுக்குத் திருப்பும்.

நான்காவது, சூடு. வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிளாஸ்டிக் அதைத் தாங்காது. ஆனால் வெள்ளியைச் சில பத்து நானோமீட்டர் துகள்களாக்கிவிட்டால், 150 டிகிரி வாக்கிலேயே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடத்தும் பாதையாகிவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் படலத்துக்கு அந்தச் சூடும் கொஞ்சம் அதிகம்தான். ஒரு மீட்டர் படலம் 0.1 சதவீதம் சுருங்கினால் ஒரு மில்லிமீட்டர், அதாவது 1000 மைக்ரோமீட்டர். வாய்க்கால் நீளமோ பத்து மைக்ரோமீட்டர். அடுத்த அடுக்கு எங்கே போய் உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்க்ஜெட் மட்டுமே அச்சு அல்ல. வலைத்துணி வழியே பசையைத் தேய்த்து இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங், குழி வெட்டிய உருளையால் ஓடும் படலத்தில் அடிக்கும் கிராவூர் ஆகியவையும் உண்டு. நீராய் ஓடும் மைக்கு இன்க்ஜெட், பற்பசைபோல் கெட்டியானதற்கு ஸ்கிரீன்.

வேகம்: குற்றவாளி பிளாஸ்டிக் மட்டுமல்ல

பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர் மெதுவானது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் ‘பொருள் அப்படி’ என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு கதை வருகிறது.

மின்புலத்தில் மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதற்கு நகர்திறன் என்று பெயர். படிகச் சிலிக்கானில் எலக்ட்ரானின் நகர்திறன், வழக்கமான அலகில், சுமார் 1400. நல்ல கரிமக் குறைக்கடத்திகளில் 1, மிகச் சிறந்தவற்றில் 10 வாக்கில். ஆயிரம் மடங்கு வித்தியாசம், சரி.

ஆனால் வாய்க்காலைக் கடக்கும் நேரம், நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இன்றைய சிப்பில் வாய்க்கால் சுமார் 20 நானோமீட்டர். அச்சடித்ததில் 10 மைக்ரோமீட்டர். 500 மடங்கு நீளம், அதன் வர்க்கம் இரண்டரை லட்சம். தோராயக் கணக்குதான், இருந்தாலும் விஷயம் புரியும். பாலிமரின் மந்தத்தைவிட அச்சின் மொத்தைத்தனம் பெரிய தடை. நாளைக்கே அற்புதமான பாலிமர் ஒன்று கிடைத்தாலும், பிரிண்டர் மாறாதவரை சிப்போடு போட்டியில்லை.

மேலே சொன்ன பிளாஸ்டிக்ஆர்ம் இதற்கு நல்ல சாட்சி. அச்சு முறையைவிடத் துல்லியமான ஒளி அச்சில் செய்தது. 56,340 உறுப்புகள். அதிகபட்ச வேகம் 29 கிலோஹெர்ட்ஸ். அதே வகைச் செயலி சிலிக்கானில் சாதாரணமாகப் பல மெகாஹெர்ட்ஸில் ஓடும்.

பாலிமரின் நகர்திறனை வேறொன்றோடு ஒப்பிட்டால் படம் மாறும். எல்சிடி திரைகளின் பின்னால் பல ஆண்டுகளாக வேலை செய்துவந்தது படிகமல்லாத, ஒழுங்கற்ற சிலிக்கான். அதன் நகர்திறன் 1-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். பாலிமர் அதை எட்டிவிட்டது. பிளாஸ்டிக்கை சிப்போடு மோதவிடுவது தவறான மேடை, திரையின் பின்தளத்தோடு மோதவிட வேண்டும்.

டிரான்சிஸ்டருக்கு என்ன விலை, பரப்புக்கு என்ன விலை?

இந்தத் துறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சிலிக்கான் ஆலை டிரான்சிஸ்டரை நம்ப முடியாத மலிவில் தருகிறது. விரல் நகம் அளவுச் சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேல். ஆனால் பரப்பைக் கேட்டால் அது மிகவும் விலை கூடியது. இன்றைய பெரிய சிலிக்கான் தட்டு 300 மில்லிமீட்டர் விட்டம், அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினான்கில் ஒரு பங்குதான். அதைப் பல வாரங்கள், நூற்றுக்கணக்கான படிகள் வழியாகக் கொண்டுபோக வேண்டும். அச்சு இயந்திரம் நேரெதிர். டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் பெரிது, மந்தம். ஆனால் படலம் சுருளிலிருந்து அவிழ்ந்து மறுபக்கம் சுருளாக விழுகிறது, மீட்டர் கணக்கில்.

அப்படியானால் எந்தப் பொருளுக்கு டிரான்சிஸ்டர் கொஞ்சமாகவும் பரப்பு நிறையவும் வேண்டும்? திரைக்கு. முழு எச்டி திரையில் சுமார் 62 லட்சம் வண்ணப் புள்ளிகள். போன் அளவானாலும் சுவர் அளவானாலும் இதே எண்ணிக்கை. புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை மனிதக் கண் தீர்மானிக்கிறது, டிரான்சிஸ்டரைச் சுருக்கிப் பயனில்லை. விளக்குப் பலகைக்கு அறையின் அளவு, தோலில் ஒட்டும் உணரிக்கு உடலின் அளவு, சூரியப் பலகைக்கு வெயில் விழும் பரப்பு. மனித அளவிலான வேலைகளுக்கு மனித அளவிலான டிரான்சிஸ்டர் போதும்.

ஏற்கெனவே கையில் இருப்பவை

மலிவான கணினி விசைப்பலகை பழுதானால் தூக்கிப் போடும் முன் பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் மூன்று ஒளிபுகும் படலங்கள். மேலதிலும் கீழதிலும் சாம்பல் வெள்ளி நிறத்தில் கோடுகள் வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு விசைக்கும் நேரே ஒரு வட்டப் பொட்டு. நடுப்படலத்தில் அந்த இடத்தில் ஓட்டை. விசையை அழுத்தினால் மேல் பொட்டு ஓட்டை வழியாகக் கீழ் பொட்டைத் தொடுகிறது. அந்தக் கோடுகள் வெள்ளி மையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவை.

சர்க்கரை அளவு பார்க்கும் பட்டையும் அப்படியே. ஒரு முனையில் ரத்தத் துளி, அங்கிருந்து மறுமுனை வரை அச்சடித்த மின்முனைகள், பலவற்றில் கரி மையில். கார்களின் பின் கண்ணாடியில் பனி நீக்கும் கோடுகளும் வெள்ளிப் பசையை அச்சடித்துக் கண்ணாடியோடு சுட்டவை. வேடிக்கை என்னவென்றால், சிலிக்கான் சூரியப் பலகையின் மேல் தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகளும் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். போட்டியாளர் என்று சொல்லப்படும் சிலிக்கானே அச்சகத்துக்கு வாடிக்கையாளர்.

இவற்றில் எதிலும் அச்சடித்த டிரான்சிஸ்டர் இல்லை என்பதையும் கவனியுங்கள். வெறும் பாதைகள், மின்முனைகள். அச்சு மின்னணுவியல் இதுவரை வென்றது பெரும்பாலும் இந்த எளிய தளத்தில்.

மற்றது ஏன் தாமதமாகிறது?

முதல் காரணம் ஈரம். ஒளிரும் பாலிமரும் அதன் மின்முனையும் நீராவி பட்டால் கருப்புப் புள்ளி விழுந்து செத்துவிடும். ஓஎல்இடிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி போகக்கூடாது என்பது. சாதாரண பெட் படலம் கிராம் கணக்கில் விடும். மிகச் சிறந்த தடுப்பு கண்ணாடி, ஆனால் கண்ணாடியைப் போட்டால் வளைவதன் பெருமை ஏறக்குறைய போய்விடும். கனிம அடுக்கு, பாலிமர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பூசிச் சமாளிக்கிறார்கள். அந்த உறை, உள்ளே இருக்கும் மலிவான மின்சுற்றைவிட விலை கூடிவிடுவது உண்டு. மேடையில் ஒளிரும் படலம் எத்தனை நாளுக்கு முன் செய்தது, எதற்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது, பழுது விகிதம். ஆயிரத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர் பழுது என்று வைத்துக்கொள்வோம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்து டிரான்சிஸ்டர் உள்ள சுற்றில் 99 சதவீதம் தேறும். ஆயிரம் உள்ள சுற்றில் தேறுவது 37 சதவீதம். ஐம்பதாயிரத்துக்குப் போனால் ஒன்றுகூடத் தேறாது. எளிய சுற்றுகள் மட்டுமே அச்சில் வெற்றி பெறுவதற்கு இந்தப் பெருக்கல் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, போட்டியாளர் சும்மா இருப்பதில்லை. கேம்பிரிட்ஜ் ஆய்விலிருந்து 2000-இல் பிறந்த பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனம், ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஆலை கட்டியது. பிளாஸ்டிக் பின்தளம் கொண்ட ‘க்யூ’ மின்நூல் வாசிப்பானை 2010 ஜனவரியில் காட்டியது, விலை 649 டாலரில் தொடக்கம். அதே மாதம் ஐபேட் 499 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் க்யூ கைவிடப்பட்டது. திரையின் பின்னால் இருந்த டிரான்சிஸ்டர் பிளாஸ்டிக்கா சிலிக்கானா என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டிருக்க மாட்டார்.

ஹீகர் இணை நிறுவனராக இருந்த கொனார்கா, பாலிமர் சூரியப் படலம் செய்த நிறுவனம், 2012-இல் திவாலானது. அந்த ஆண்டுகளில் சிலிக்கான் பலகையின் விலை மளமளவென்று சரிந்தது. ஆய்வகத்தில் கரிம சூரியக்கலம் 1986-இல் 1 சதவீதத் திறனில் தொடங்கி இன்று 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அசாதாரண முன்னேற்றம்தான். ஆனால் ஆய்வகக் கலம் நகம் அளவு. கடையில் கிடைக்கும் சிலிக்கான் பலகை 20 சதவீதத்துக்கு மேல் தந்து இருபத்தைந்து ஆண்டு உழைக்கிறது. ஜப்பானில் ஓஎல்இடி திரைகளை இன்க்ஜெட்டில் அச்சடித்த ஜோலெட் நிறுவனமும் 2023-இல் நொடித்தது. ஆனால் அந்த வழியைச் சீனத் திரை நிறுவனமான டிசிஎல் சிஎஸ்ஓடி தொடர்கிறது.

நிறுவனங்கள் விழுந்ததால் அறிவியல் தோற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘அச்சடிப்பதால் மலிவு’ என்ற ஒரே வாதத்தை நம்பி இறங்கியவர்கள் அடிபட்டார்கள் என்பது தெளிவு. வளைய வேண்டும், எடை இருக்கக்கூடாது, வடிவத்துக்கு ஏற்ப வெட்டப்பட வேண்டும் என்று வேறு காரணம் இருக்கும் இடங்களில்தான் இது நிற்கிறது.

கலப்பு வழி

இப்போது பலரும் போகும் பாதை இரண்டையும் சேர்ப்பது. பரப்பு வேண்டிய பாகங்களான உணரி, ஆண்டெனா, பாதைகள், மின்முனைகள் அச்சில். கணக்குப் போடும் பாகம் மட்டும் ஒரு சின்ன சிலிக்கான் சிப், அதே படலத்தில் ஒட்டப்பட்டு. மேடையில் ஒளிர்ந்த படலத்திலிருந்து ஒரு கம்பி போனதே, அது மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில்தான் முடியும். படலத்தை இயக்கும் சிலிக்கான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்.

துணிக்கடைகளில் சட்டையோடு வரும், ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்எஃப்ஐடி விலைச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் இதைச் சின்ன அளவில் பார்க்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு வளைந்து ஓடும் பளபளப்பான ஆண்டெனா, அலுமினியத்தில் அரித்தெடுத்ததோ வெள்ளி மையில் அச்சடித்ததோ. அதன் நடுவில், மிளகில் பாதிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி தெரியும். அதுதான் சிப்.